ஏர்போர்ட்டில் முயல்

"ஏம்மா அகல்யா, இந்தாளு எதுக்கு முயல் வெக்காதீங்கங்கறாரு?"

முதலாளி தண்டாயுதபாணி கேட்டதும் அகல்யா மெயிலை இன்னொரு முறை பார்த்தாள். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவள் அவள். அந்த மார்க்கைக் காட்டித்தான் இந்த நாமக்கல் போர்வெல் ரிக் ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர் வேலை வாங்கினாள். ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் வண்டி விற்க முதலாளி ஆசைப்பட, அங்கே ஒரு கம்பெனி முதலாளிக்கு முதல் மெயிலைப் பந்தாவாகப் பிரெஞ்சிலேயே அனுப்பினாள்.

அவரிடமிருந்து பதிலும் பிரெஞ்சிலேயே வந்தது. அதுவும் கொள்ளுத்தாத்தா காலத்துப் பேச்சு. போனில் போட்டுப் பார்க்கவும் பயம், தலைக்கு மேல் கேமரா. வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கிக் கொடுத்திருந்தாள்: 'புதன்கிழமை சேலம் ஏர்போர்ட்டில் எனக்கு முயல் வைக்காதீர்கள்.'

"அவருக்கு முயலக் கண்டாலே ஆகாதுங்க சார்," என்று புளுகினாள்.

"ஏர்போர்ட்டுல முயல் வெக்கறதுக்கு நமக்கென்ன கிறுக்கா? உடு."

அடுத்த மெயிலில், விலையைக் கேட்டு ஆப்பிள்களுக்குள் விழுந்தாராம்.

"ஆப்பிள்னா உசுருங்க போல."

முதலாளி பெட்டி பெட்டியாக ஆப்பிள் இறக்கினார். மூன்றாவது மெயிலில், அவருக்குக் கரப்பான்பூச்சி இருக்கிறதாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆபீஸ் முழுக்க மருந்தடித்தார்கள். எல்லோரும் இருமிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை, பயம் தாங்காமல் பாத்ரூமுக்குள் புகுந்து போனைத் தட்டினாள். கரப்பான்பூச்சி என்றால் மனச்சோர்வு. ஆப்பிளுக்குள் விழுவது மயங்கி விழுவது. முயல் வைப்பது, வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றுவது.

அவரே வந்துவிடுவார் என்று ஏர்போர்ட்டுக்கு யாருமே போகவில்லையே! இன்றோடு வேலை போச்சு, மானமும் போச்சு.

வெளியே வந்தால், வாசலில் வாடகை டாக்ஸி. உர்ரென்ற முகத்துடன் ஆப்பிரிக்க முதலாளி இறங்கினார். கூடவே கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பெண், அவருடைய மொழிபெயர்ப்பாளராம். இவள் முன்னால் வாயைத் திறந்தால் தொலைந்தோம் என்று அகல்யா பின்வாங்கினாள்.

"பிரெஞ்சுல ரெண்டு வார்த்தை பேசி சமாதானப்படுத்தும்மா," என்று தண்டாயுதபாணி முதுகில் கை வைக்காத குறையாகத் தள்ளினார்.

அதற்குள் அந்தப் பெண் பாய்ந்து வந்து, அகல்யாவை ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, நானு இங்க பக்கத்துல எருமப்பட்டி ரஞ்சனிங்க. நீங்க பிரெஞ்சுல மெயில் போட்டதாலதான் எனக்கு ஆன்லைன்ல இந்த வேலையே கெடைச்சுது. எங்க சாருக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியும், நான் பழைய புஸ்தகத்தப் பாத்து எழுதுனனுங்க. கும்புட்டுக் கேக்கறேன், பிரெஞ்சுல மட்டும் பேசிராதீங்க. நான் பிளஸ் டூவுல மார்க்குக்குத்தானுங்க அத எடுத்தேன்!"