புகை நன்றாக வந்திருக்கிறது

ஒத்திகைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அது யாருக்கோ காட்டுவதற்காகத்தான் நடக்கிறது என்பது இவர்களுடைய வேதாந்தம். திருப்பூர்ப் பக்கம் தண்ணீருக்குத்தான் பஞ்சம், இவர்களுக்கு இல்லை.

வேல்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள், தொழிலாளர் வசதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போதெல்லாம் கம்பெனியை ஜோடித்து நிறுத்துவது அவர் பொறுப்பு. அன்று காலை முகக்கவசங்கள் உறையிலிருந்து வெளிவரும், முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைக்கும், குழந்தைகள் காப்பகத்தில் பக்கத்துத் தெருக் குழந்தைகள் விளையாடும், ஓவர்டைம் உண்டா என்று கேட்டால் டைலர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "அப்படீன்னா என்னங்க?" என்பார்கள். ஆடிட்டர் காரேறியதும் முகக்கவசம் உறைக்குள் போய்விடும். குழந்தைகள் வீட்டுக்குப் போய்விடும்.

வருஷக்கணக்கில் இதையே செய்தால் மனிதன் என்ன ஆவான்? தங்கை மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் என்று குழந்தை இவர் மடியில்தான் இருந்தது. குத்தியதும் வீறிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். "பரவால்லீங்க, இன்னொருக்கா அழ வெச்சுக்கலாம்" என்றார் வேல்குமார். தங்கை இன்றுவரை இவரிடம் பேசுவதில்லை.

போன மாதம் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை. புதன்கிழமைக்கு ஏற்பாடு. செவ்வாய்க்கிழமையே மணி அடித்தது. துணி வேஸ்ட் குவித்திருந்த மூலையிலிருந்து கரும்புகை. முதலாளி தேதியை மாற்றிவிட்டார் போல என்று நினைத்த வேல்குமார், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். டைலர்கள் பழகியபடியே வரிசையாக வெளியே வந்தார்கள். சிலர் போனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

"புகை நல்லா வந்திருக்குதுங்க" என்று பொதுவாகப் பாராட்டிவிட்டு, எடுத்த படங்களைப் பார்த்தார். 'அவசர வழி' போர்டு எதிலும் விழவில்லை.

"எல்லாரும் உள்ள போயிட்டு இன்னொருக்கா வாங்க."

பாதிப் பேர் திரும்பினார்கள். மேனேஜர் சொன்னால் போக வேண்டியதுதானே.

சித்ரகலா என்ற டைலர் மட்டும் வாசலை மறித்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரையும் உள்ளே விடவில்லை.

"நெசமாவே எரியுதுங்க சார்."

"அப்படித்தானுங்க சொல்லோணும். ஆனா அத ஆடிட்டர்கிட்ட சொல்லோணும்."

"என் கையப் பாருங்க சார்."

பார்த்தார். முழங்கை வரை தோல் கொப்பளித்திருந்தது.

"மேக்கப் யாருங்க போட்டுவுட்டது?" என்றார்.

அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் உள்ளே கூரைத் தகடு சரிந்து விழுந்தது. அதன் அடியில் யாரும் இல்லை. அந்தப் பெண் கையை எடுக்காததால்தான் யாரும் இல்லை.

அடுத்த வாரம் வந்த ஆடிட்டரை ஆபீஸ் அறையிலேயே உட்காரவைத்து அந்தப் படங்களைக் காட்டினார்கள். ஒத்திகை மிகவும் தத்ரூபமாக இருப்பதாக அவர் மெச்சினாராம்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். வேல்குமார் உங்களுக்கு உறவில்லை. இருக்கட்டும். நேற்று பல்லடம் ரோட்டில் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டிருந்தாரே, "ரீல்ஸ் எடுக்கறாங்களாட்ட இருக்குது" என்று பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனது வேல்குமார் இல்லை. அவர் அந்த நேரம் கம்பெனியில், கருகிய சுவருக்குப் பெயின்ட் அடிக்க வைத்துக்கொண்டிருந்தார்.