உள்ளே வாங்க, ஏசி இருக்கு

கதவு என்பது திறப்பதற்கு மட்டுமே செய்யப்பட்ட பொருள் என்று நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. 'உள்ளே வாங்க' ஆசாமிகள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். வந்தவரை வாசலோடு அனுப்பினால் ஏழு தலைமுறைக்கும் பாவம் ஒட்டும் என்பது இவர்கள் கொள்கை. வங்கியில் இருந்தால் பணம் எண்ணும் கூண்டுக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டு உங்களை உட்கார வைப்பார்கள். கல்யாண வீட்டில் இருந்தால் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், கொதிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்து ரசத்தை மோந்து பார்க்கச் சொல்வார்கள். போகட்டும், அதனால் பெரிய சேதமில்லை. ஆனால் இந்த இனத்தில் ஒருவர் தப்பித்தவறி ஓர் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகிவிட்டால்?

ஆனார். அவர்தான் வன்னியபெருமாள் சார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில், முத்துச்சிப்பிக் குஞ்சு பொரிக்கும் கூடம் அவருடையது. தொட்டிகளில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீந்தும். அவற்றுக்குத் தீனி ஒரு வகை நுண்பாசி. அந்தப் பாசியைக் கண்ணாடிக் குடுவைகளில், வாயில் பஞ்சடைத்து, தூசு தும்பு படாமல் ஒரு தனி அறையில் வளர்க்கிறார்கள். பாசிக்குச் சூடு ஆகாது என்பதால் அங்கே இரவும் பகலும் ஏசி ஓடும். கூடம் முழுவதிலும் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான். வினை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று புரிகிறதல்லவா?

"வெயில்ல வந்திருக்கிய, உள்ள வாங்க, ஏசி இருக்கு!"

உப்பு லாரி முதலாளி வந்தாலும் இதேதான், கூடப் படித்தவர் வந்தாலும் இதேதான், மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவருக்கும் இதேதான். 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டியவரும் இவரே. அனுமதி கொடுக்க வேண்டியவரும் இவரே. கொடுக்கிறார், வேறென்ன செய்வார்? அறைக்கென்று தனிச் செருப்பு, தனிக் கோட்டு, கையில் தடவ ஸ்பிரிட் என்று விதிகள் உண்டு. இவர் அதையெல்லாம் சுருக்கி, செருப்பை வெளியே கழற்றிவிட்டால் போதும் என்று ஆக்கிவிட்டார். கோயிலுக்கே அப்படித்தானே போகிறோம்? "கை கழுவலியே சார்" என்று யாராவது முனகினால், "அவுக காலையிலேயே குளிச்சாச்சு" என்று பதில் தயாராக இருக்கும்.

முனகுகிறவர் விஜிலா. மணப்பாட்டுப் பெண், பாசியும் குஞ்சுகளும் அவர் பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு முறை குஞ்சுகள் பாதியில் செத்துப்போயின. இந்த முறை அவை பிழைத்து, தொட்டியில் தொங்கவிட்ட வலையில் சிப்பிகளாக ஒட்டினால்தான் அவருக்கு அடுத்த ஆண்டும் வேலை. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த நிலையில், ஒரு பகலில்தான் சாரின் சகலை பாண்டியராஜன் வந்தார். கீழவைப்பார் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர். மகள் கல்யாணப் பத்திரிகையோடு, குளத்தில் கைவிட்டு இறாலைப் பார்த்த கையோடு, நேரே வண்டியேறி வந்திருந்தார். கையை வேட்டியில் துடைத்திருந்தார், குறை சொல்லக்கூடாது.

"சார், வெளியாளு உள்ள வரக்கூடாது சார். அதுவும் இறால் குளத்துல இருந்து வாராவ."

"வெளியாளா? ஏம்மா, இவுக என் சகலைம்மா!"

குளத்துக் கிருமிகள் உறவுமுறை பார்ப்பதில்லை என்று யார் அவருக்குச் சொல்வது? பத்திரிகை குடுவைகளுக்கு நடுவே வைத்துக் கொடுக்கப்பட்டது. சந்தனம், குங்குமம், எதிலும் குறைவில்லை. பதில் மரியாதை செய்ய வேண்டாமா? எல்லாக் குடுவைகளுக்கும் வித்து எடுக்கிற தாய்க் குடுவையின் பஞ்சைப் பிடுங்கிச் சகலையின் மூக்கருகே நீட்டினார். சகலையோ அதற்கும் மேலே போய் விரலை விட்டார்.

"கொழகொழன்னு இருக்கும்னு நெனச்சேன். தண்ணியாத்தாம்ல இருக்கு!"

"சார், அதை இப்பவே கொட்டிரணும்" என்றார் விஜிலா. "அதுல இருந்து ஒரு சொட்டு எடுக்கக்கூடாது."

"தங்கமான பாசியக் கொட்டச் சொல்லுதியே! சகலை என்ன நெனப்பாரு?" என்ற சார், பாசி எப்படிப் பெருகுகிறது என்று விருந்தாளிக்கு விளக்குவதற்காக, அதே குடுவையிலிருந்து பக்கத்திலிருந்த பல குடுவைகளுக்கும் தம் கையாலேயே ஊற்றிக் காட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் பொன்னிறப் பாசி கழுநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாசியைக் காணோம். அதைத் தின்று கொழுத்த குளத்துப் பிராணிகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி விபத்து நடந்தால் உடனே நாலு பேருக்குச் சொல்லி, கெட்டதை பிளீச்சிங் ஊற்றிக் கொன்று, அறையைப் பூட்டி, மிஞ்சிய நல்லதைத் தனியே காப்பாற்ற வேண்டும். நம் ஆசாமி முதலில் டீ சொன்னார். அப்புறம், "பதறாத. நல்ல குடுவையில உள்ளதையும் இதுல ஊத்திக் கலந்துவிட்டா சரியாயிரும்" என்றார். குழம்பில் உப்புக் கூடினால் செய்கிற வைத்தியம். நல்லதும் போயிற்று.

தீனியில்லாத குஞ்சுகள் தொட்டியின் அடியில் மாவு படிந்த மாதிரிப் படிந்தன. கடைசிக் குடுவையிலும் பிளீச்சிங்கை ஊற்றிவிட்டு, முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று விஜிலா அழுதார்.

ஆனாலும் அந்தப் பெண் விடவில்லை. வேறொரு கூடத்தில் கெஞ்சிப் புதிய வித்துப் பாசி வாங்கிவந்து, அறையைக் கழுவி மறுபடி வளர்த்தார். பாசி பொன்னிறமாக ஏறிவந்த நேரத்தில், நடந்த விபத்தை விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். உச்சிவெயில். சார் ஓடோடிப் போய் அழைத்துவந்தார். எங்கே? வேறெங்கே!

விஜிலா கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றார். "மன்னிக்கணும் சார். கண்ணாடி வழியாப் பாத்துக்கிடுங்க."

பார்த்தார்கள், வியர்க்க வியர்க்க. விசாரணையும் முடிந்தது. குஞ்சுகள் செத்ததற்குக் காரணம் 'இயற்கை'. வன்னியபெருமாள் 'பண்பாளர்'. விஜிலாவுக்கு 'வந்தவர்களிடம் நடந்துகொள்ளத் தெரியவில்லை'. வேலை நீட்டிக்கப்படவில்லை. சாவி இப்போது சாரிடம் இருக்கிறது.

அடப்பாவி மனுஷா என்று அவரைத் திட்டுகிறீர்கள். உங்கள் நல்ல மனசுக்குச் சந்தோஷம். ஆனால் உங்கள் தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு தூக்கிக் கொஞ்சப் போனீர்களே, அப்போது கதவை மறித்து நின்ற நர்ஸைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் போய் என்ன புகார் சொன்னீர்கள்?