பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

டில்லிபாபு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி மாடியேறியதும், சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டியின் முன்னால் குனிந்தான். அதில் உயிரோடு வளர்த்த இரண்டாவது பவளமும் சுருங்கிக் கிடந்தது. காலையில் அவன் கிளம்பும்போது அது லேசாக அசைந்துகொண்டிருந்தது. இப்போது நனைந்த பஞ்சு போல ஆகியிருந்தது.

"இதுவும் பூட்ச்சு," என்றான்.

ரஞ்சனி சமையலறையிலிருந்து வந்து, அவனை ஒட்டி நின்று பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு கீதில்ல. அதையாவது காப்பாத்திக்கலாம், வுடுங்க."

அந்தக் 'காப்பாத்திக்கலாம்' அவன் நெஞ்சைத் தொட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஆசைப்பட்ட எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. அவன் புறா வளர்த்தான், அவள் விரட்டினாள். அவன் கீபோர்டு வாங்கினான். அவள் அதன்மேல் வடகம் காயப் போட்டாள். இந்தத் தொட்டி வந்த புதிதிலும், உப்புத் தண்ணிக்கு ஒரு மேஜையா என்றுதான் கேட்டாள். அப்படிப்பட்டவள் இப்போது பக்கத்தில் நின்று பவளத்துக்காகப் பரிந்து பேசுகிறாள். மிச்சமிருக்கும் அந்த ஒற்றைப் பவளமும் செத்தால் தொட்டி போய்விடும். தொட்டி போனால் இந்தப் பேச்சும் போய்விடும். அவன் பயமெல்லாம் அதுதான்.

பவளங்கள் மூன்றும் ஜெபர்சன் கொடுத்தவை. அவன் மண்ணூர்க்காரன், அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ், வீட்டில் பல வருஷமாகக் கடல் தொட்டி வைத்திருப்பவன். தன் தொட்டியில் செழித்ததிலிருந்து வெட்டிக் கொடுத்தபோதே, மூன்றும் செத்தால் நாலாவது கிடையாது, தொட்டியைத் தன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தான். பவளத்தைக் கொல்கிறவன் வீட்டில் தொட்டி இருக்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

டில்லிபாபுவுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில், பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கார் கதவில் கடுகளவு தூசி ஒட்டியிருந்தாலும் கண்டுபிடித்து வட்டம் போட்டுவிடுவான். அவன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

முதல் பவளம் செத்தது அந்தக் கண்ணின் கர்வத்தால்தான். இன்ஸ்பெக்‌ஷன் பூத்தில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரைக் கேட்டு வாங்கி வந்து, தொட்டியின் மேல் பளீரென்று ஒரு வெள்ளை விளக்கைக் கட்டி அளந்து பார்த்தான். பூத்தில் காட்டுகிற அதே அளவு காட்டியது. கார் கதவாக இருந்தால் பாஸாகியிருக்கும். பவளம் ஒரே வாரத்தில் கரைந்துபோனது.

அது மனுஷக் கண்ணுக்காகச் செய்த மீட்டர் என்றும், பவளத்துக்கு வேண்டியது நீலமும் ஊதாவும் என்றும் ஜெபர்சன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான். அன்றிலிருந்து டில்லிபாபு போனில் மூன்று விளக்குகளின் படத்தை வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்று தெரியாமல் சாப்பிடும்போதும் பார்த்தான், பஸ்ஸிலும் பார்த்தான். கடைசியில் முடிவெடுத்தது ரஞ்சனி. எட்டிப் பார்த்தவள் போனையே வாங்கி, ஒவ்வொன்றின் கீழே எழுதியிருந்ததையும் நிதானமாகப் படித்து, வளைகிற கம்பிமேல் நிற்கும் மூன்றாவது விளக்கில் விரலை வைத்தாள்.

"இதுல ஊதா ஜாஸ்தியா கீதுங்க. இதையே வாங்குங்க."

அவள் படித்துப் பார்த்துச் சொன்னாள் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. வாங்கிவிட்டான்.

அடுத்து எப்போது எரிய வேண்டும் என்ற கேள்வி. வேலை முடிந்து வந்து பார்க்கிற மாதிரி சாயங்காலம் எரியட்டும் என்பது அவன் ஆசை. ரஞ்சனி ஒத்துக்கொள்ளவில்லை. கடலில் சூரியன் சாயங்காலமா உதிக்கிறது, நம்ம ஆசைக்காக வாயில்லாத ஜீவனை வதைக்கலாமா என்று கேட்டாள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. காலையில் அவன் பஸ் ஏறியதும் மெல்ல எரிய ஆரம்பித்து, மதியம் உச்சத்துக்குப் போய், அவன் திரும்பும் நேரத்தில் தணிகிற மாதிரி போனிலேயே செட் செய்தான். விளக்கு எரிவதை அவன் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று ஆனது. தியாகம் செய்கிறவனுக்கு வருகிற ஒரு சந்தோஷம் அவனுக்கும் வந்தது.

பவளங்களுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. இரண்டும் நிறம் மங்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு எதையோ தேடின. ஜெபர்சன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்து, இவற்றுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னான். டில்லிபாபு உடனே பவரைக் கூட்டினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்தான். திங்கட்கிழமை காலையில் பவளங்களின் ஓரம் வெளுத்திருந்தது. ஜெபர்சனுக்குப் படம் அனுப்பினான். வெளிச்சம் ஜாஸ்தியாகிவிட்டது, குறை என்று பதில் வந்தது. குறைத்தான். சனிக்கிழமைக்குள் மறுபடி நிறம் மங்கி, கழுத்து நீண்டது. கூட்டினான். ஞாயிற்றுக்கிழமை வெளுத்தது.

இப்படிப் போய்த்தான் இன்று இரண்டாவதும் செத்திருந்தது. மறுநாள் கம்பெனி கேன்டீனில் ஜெபர்சனைப் பிடித்துக்கொண்டான்.

"பத்தலன்னும் நீதான் சொல்ற, ஜாஸ்தின்னும் நீதான் சொல்ற. நான் இன்னாதான் பண்றது?"

"எனுக்கே புரியல பாபு. ஆறு நாளு பட்டினி போட்டுட்டு, ஏழாவது நாளு வாயில அண்டாவக் கவுத்தா எப்டி இருக்கும், அப்டி கீது அது."

"டெய்லி ஒரே மாதிரிதான்டா எரியுது. போன்ல பாரு."

ஜெபர்சன் போனைப் பார்த்தான். எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெபர்சன் மறுபடி வீட்டுக்கு வந்தான். தண்ணீரின் மேல்பரப்பை விரலால் தொட்டான். மெல்லிய ஏடு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தான். பிறகு டில்லிபாபுவை மேலிருந்து கீழே வரை பார்த்தான்.

"பெயிண்ட் தின்னர் வாசன அடிக்குது பாபு."

வீட்டில் அந்த வாசனையை டில்லிபாபுவும் கொஞ்ச நாளாக உணர்ந்துகொண்டுதான் இருந்தான். பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்கிறவன் மேல் தின்னர் வாசனை அடிக்காமல் மல்லிகை வாசனையா அடிக்கும் என்று விட்டுவிட்டான். அந்த வாசனைதான் தண்ணீரில் இறங்கிப் பவளத்தைக் கொல்கிறது என்று இப்போது விளங்கியது. விளக்கு குற்றவாளி இல்லை. நேரம் குற்றவாளி இல்லை. தினமும் ஆசையோடு ஓடிவந்து தொட்டிமேல் குனிந்தானே, அவன்தான் குற்றவாளி.

ரஞ்சனியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பாவம், அவரு இன்னா பண்ணுவாரு, வேலை அப்டி," என்றாள். இவ்வளவு பெருந்தன்மையானவளையா புறாவை விரட்டினாள் என்று கோபித்துக்கொண்டோம் என அவனுக்குக் கண் கலங்கியது.

மறுநாளிலிருந்து கம்பெனியிலேயே குளித்துவிட்டு வந்தான். வாசனை போகவில்லை. யூனிஃபார்மைத் துவைக்க வெளியில் போட்டான். போகவில்லை. கடைசியில், வீட்டுக்குள் நுழையும் முன் மாடிப்படியிலேயே எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரு பக்கெட்டில் முக்கிவிட்டு, துண்டோடு உள்ளே போக ஆரம்பித்தான். அவர்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு நேர் எதிரில் இருந்தது. மூன்றாம் நாள் ஹாஸ்டல் வார்டன் கங்கா அம்மா கீழே வந்து நின்று, இது குடித்தனம் நடக்கிற தெருவா வேறு ஏதாவதா என்று கேட்டார்.

டில்லிபாபு துண்டோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். போலீசில் சொல்லிவிடுவார்கள், கம்பெனிக்குத் தெரியும், வேலை போகும் என்று வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தான். ரஞ்சனிதான் இறங்கிப் போய்ப் பேசினாள். என்ன சொன்னாளோ, கங்கா அம்மா சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். போகும்போது அவளை 'கண்ணு' என்று கூப்பிட்டதும் காதில் விழுந்தது.

அதன் பிறகு அவன் தொட்டியின் பக்கத்திலேயே போவதில்லை. ஹாலின் மறு கோடியில் நின்று பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, லாரிகள் கார்களை அடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவதை வேடிக்கை பார்த்தான். அவ்வளவு தள்ளி நின்றும் கடைசிப் பவளம் தேறவில்லை. ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் மங்கி, அது எந்த நேரமும் போய்விடும் என்று தெரிந்தது. அவன் மனசு முழுசாக உடைந்துவிட்டது. தான் தொட்டதெல்லாம் சாகிறது என்று தோன்றியது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, அது சாவதற்குள் தொட்டியை ஜெபர்சனிடமே கொடுத்துவிடலாம் என்று சொன்னான். விளக்கையும் சேர்த்துத்தான்.

ரஞ்சனி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"குடுத்துடாதீங்க. அந்த லைட்டு இல்லன்னா இந்த வூடே இருட்டா பூடும்."

அவனுக்காகவோ அவன் சம்பந்தப்பட்ட எதற்காகவோ அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. பவளத்தின் மேல் இவ்வளவு பிரியமா இவளுக்கு என்று திகைத்துப் போனான். அந்த நிமிஷத்தில் முடிவு செய்தான். போக வேண்டியது தொட்டி இல்லை, தின்னர் வாசனை.

மறுநாள் மேனேஜர் ஜீவானந்தத்தின் முன்னால் போய் நின்றான். பெயிண்ட் ஷாப்பில் இன்-சார்ஜ் பதவி காலியாக இருந்தது. அது டில்லிபாபுவுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவனும் அதற்காகத்தான் எத்தனையோ வருஷம் கதவுகளில் தூசி தேடினான். அவன் கேட்டது கழிவு இரும்பு குவிக்கிற, தின்னர் வாடையே இல்லாத ஸ்கிராப் யார்டுக்கு மாற்றல்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஸ்கிராப் யார்டுல இருந்து வெளிய வர்றதுக்குத்தான்யா இந்த ரூமுக்கு வருவாங்க. உள்ள போறதுக்கு நீதான் மொத ஆளு."

பவளம் என்று சொன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். அலர்ஜி என்றான். மேனேஜர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவன் மறுபடி அலர்ஜி என்றான். இன்-சார்ஜ் பதவி அவனுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவனுக்குப் போனது. அந்தப் பையன் நம்ப முடியாமல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். டில்லிபாபு அவன் தோளில் தட்டிவிட்டு, எத்தனையோ வருஷமாகப் போட்டிருந்த பெயிண்ட் ஷாப் கோட்டைக் கழற்றி ஸ்டோரில் ஒப்படைத்தான். நாளையிலிருந்து ஸ்கிராப் யார்டு. இன்றைக்கு மதியத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

பஸ் இல்லாததால் ஷேர் ஆட்டோவில் வந்தான். துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரஞ்சனியிடம் சொல்லப் போகிறோம், அவள் முகம் மலரப் போகிறது என்று நினைத்தபோது அந்தத் துக்கத்துக்கும் ஒரு அர்த்தம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு ஆசை. அதற்காக ஒரு பதவி போனால் போகட்டும்.

வீட்டில் ரஞ்சனி இல்லை. தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தான். தின்னர் வாசனை குப்பென்று அடித்தது. பெயிண்ட் ஷாப்பை விட்டு வந்த பிறகும் விடவில்லையே, உடம்பிலேயே ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நொந்துகொண்டான்.

விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தொட்டியைப் பார்த்து எரியவில்லை. வளைந்து திரும்பி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் பவளம் நட்டநடுப் பகலில் இருட்டில் கிடந்தது.

கம்பியின் திருகு கழன்று விளக்கு சரிந்துவிட்டது என்று அவன் புரிந்துகொண்டான். கார் கதவில் கடுகளவு தூசியைப் பிடிப்பவன், சொந்த வீட்டில் ஒரு திருகு லூசாக இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டானே என்று தன்னையே திட்டிக்கொண்டான். விளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பி, ஸ்பேனர் எடுத்து, இனி யாராலும் அசைக்க முடியாதபடி முறுக்கினான். பவளத்தின் முன்னால் மண்டி போட்டான். உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பிழைத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தான். எதிர் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஷாலின், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா இல்லையாண்ணே?"

வெளியே போயிருக்கிறாள், என்ன விஷயம் என்று கேட்டான்.

அவள் அவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நீல வெளிச்சம் தெரிந்ததும் நிம்மதியாகி, இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஒண்ணுமில்லண்ணே, கையில போட்டா லைன்ல விடமாட்டாங்கன்னு அக்கா எங்களுக்குக் கால் நகத்துலதான் பாலிஷ் போட்டு விடுவாங்க, அது ஒங்க லைட்டுல காட்டினாத்தான் காயும், நேத்து வலது காலு காஞ்சதுமே ஷிப்ட் பஸ் வந்துட்டு, அதான் எப்பவும் போல அந்த லைட்ட ஸ்டூல் பக்கமாத் திருப்பி விடுங்க, கீழ இன்னும் அஞ்சு பிள்ளைக வரிசையில நிக்காங்க."