வலி தொடங்கிய தேதி

"பதினொண்ணாம் தேதிதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று தொலைபேசியில் கேட்டாள் வக்கீல் ரெனே.

லோவெல் ஓஸ்ட்பி நன்றாக யோசித்தார். ஜீப்பைச் சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். எதிரே அறுவடை முடிந்த சோள வயல். யோசிக்கும்போது அவர் பேசுவதில்லை. யோசிக்காதபோதும் அதிகம் பேசுவதில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பதினொண்ணுதான். விடிகாலை."

"அப்படின்னா மூணு வருஷம் இந்தப் பதினொண்ணோட முடியுது. இன்னிக்கு ஒன்பது. ரெண்டே நாள்தான் இருக்கு. இவ்வளவு நாள் என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்."

"போன வாரம் வரைக்கும் என்னை உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"ஆமா. பொதுவா யாரையும் தொந்தரவு பண்றதில்லை."

மூன்று வருடத்துக்கு முன் அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில், தபால் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் அவர் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டார். எந்தக் கையில் என்று கேட்டார்கள். "உங்களுக்கு எது கிட்டக்க இருக்கோ அதுல" என்றார் லோவெல். வலது கை கிட்டே இருந்தது. அந்தக் கைதான் அவருடைய பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக ஜீப்பின் ஜன்னல் வழியாக அந்தக் கையை நீட்டித்தான் சாலையோரத்தில் இலாகா விதித்த உயரத்தில் கம்பங்களில் நிற்கும் வீட்டுப் பெட்டிகளில் தபால் போட்டுவந்தார். ஊசி தோளில் சற்று மேலே இறங்கிவிட்டது.

இப்படித் தோள் போனவர்களுக்கு நஷ்டஈடு தர அரசாங்க நிதி ஒன்று இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலி தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். ஆகஸ்டிலிருந்து லோவெல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். இந்த நிதி வந்தால் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபடி தபால் போடப் போகலாம். வராவிட்டால் வேலை போயிற்று.

"டாக்டர் குறிப்புல வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னே இல்லை சார். 'மோசமில்லை என்கிறார்'னுதான் முதல் நாலு தடவையும் எழுதியிருக்கார்."

"எப்படி இருக்குன்னு கேட்டார். மோசமில்லைன்னேன்."

"நிஜமாவே மோசமில்லையா?"

"சட்டை போட முடியல."

ரெனே பெருமூச்சு விட்டது மினியாபொலிஸ் நகரத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

"அன்னிக்கு உங்க கையைப் பார்த்தவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுத் தரணும். அது இல்லாம நான் மனுவுல கையெழுத்துப் போட முடியாது."

லோவெல் யோசனையில் ஆழ்ந்தார். அவர் தபால் போட்டுவந்த சாலையில் நூற்றுப் பதினான்கு வீடுகள். யார் மகன் ராணுவத்திலிருந்து எழுதுகிறான், யாருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கனமான உறை வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தபால் கொண்டுவருகிறவனை யார் பார்க்கிறார்கள்? தபாலைத்தான் பார்ப்பார்கள். தனி ஆளான அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

முதலில் பால் பண்ணை ஹார்லன் குவிஸ்ட் வீட்டுக்குப் போனார். நேராக விஷயத்துக்கு வந்தால் அங்கே மரியாதைக் குறைவு. மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். காபி வேண்டுமா என்று ஹார்லன் கேட்டான். வேண்டாம் என்றார். சும்மா கொஞ்சம் என்றான். சிரமம் வேண்டாம் என்றார். போட்டாகிவிட்டது என்றான். அப்படியானால் அரை கோப்பை என்றார். ஒன்றரைக் கோப்பை குடித்து, கிளம்ப எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் கேட்க முடிந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர்ல என் கை சரியில்லாம இருந்துதே, உனக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை."

"பத்தாம் தேதி" என்றான் ஹார்லன்.

"பதினொண்ணு."

"பத்துய்யா. நீ போடற தபால் எப்பவும் விலாசம் வீட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். அன்னிக்கு ரோட்டைப் பார்த்து இருந்துது. நீ இடது கையால திரும்பிப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நான் அன்னிக்குத்தான் வெளியூர்லேர்ந்து வந்தேன், அதுக்கு முந்தின நாள் எப்படின்னு தெரியாது."

குளிர்பெட்டியின் கதவில் ஒரு தபால் அட்டை. அவன் மகள் ஐஸ்லாந்திலிருந்து அனுப்பியது. அது வந்த தேதியை மூலையில் எழுதி வைத்திருந்தான்: அக்டோபர் 10. பக்கத்தில் சிறிதாக, 'திரும்பி இருந்தது'.

லோவெல் அந்த இரண்டு வார்த்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீ கேக்கலியே."

சாட்சிக் கடிதத்தோடு ஜீப்புக்கு வந்து ரெனேயைக் கூப்பிட்டார்.

"பத்தா? அப்போ நாளைக்கே கடைசி நாள் சார். ஒரு நாளைத் தொலைச்சுட்டு வந்திருக்கீங்க."

"எனக்குப் பதினொண்ணுன்னுதான் தோணுது."

"உங்களுக்குத் தோணறதை விடுங்க. எழுத்துல இருக்கே. இன்னும் ஒருத்தர் வேணும். சீக்கிரம்."

இந்த முறை லோவெல் ஆளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார். ஆர்டிஸ் ஃபியெல்ஸ்டா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. நாளெல்லாம் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பவள். பறவையைப் பார்க்கிறவள் தபால்காரனைப் பார்த்திருக்க மாட்டாள். "ஆமா, அந்தச் சமயம்தான்" என்று பொதுவாகச் சொல்லிக் கையெழுத்துப் போடுவாள். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே பொதுவாக ஒரு சாட்சிதான் இப்போது நல்லது.

சமையலறையில் அவளுடைய தம்பி மெர்லும் இருந்தான். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு வருடத்தில் அவன் பேசுவதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். லோவெலைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினான். அதுவே அவனுக்கு நீண்ட உரை.

இங்கேயும் மழை. இங்கேயும் அரை கோப்பை. எலுமிச்சை கேக் துண்டுகளை இரண்டு முறை மறுத்து மூன்று தின்றார். பிறகு கதவுப் பிடி.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியா? பார்த்துச் சொல்லிடலாமே" என்று ஆர்டிஸ் அலமாரியைத் திறந்தாள்.

வரிசையாக நோட்டுப் புத்தகங்கள். லோவெல் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"அக்டோபர் ஒன்பது" என்று ஆர்டிஸ் படித்தாள். "எட்டு பத்து, மரங்கொத்தி ஒண்ணு. ஒன்பதே முக்கால், வாத்து நாப்பது, தெற்கே. பதினொண்ணு இருபது, லோவெல். இடது கை. முகம் கோணல்."

"ஒன்பதா?"

"ஒன்பதுதான். என் எண்ணிக்கை தப்பாது."

லோவெல் நோட்டை வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார். 11.20, லோவெல். 11.20, லோவெல், புதுத் தொப்பி. 11.50, லோவெல், பனி. 11.20, லோவெல், வாயசைத்துப் பாடுகிறார். இன்னொரு நோட்டை எடுத்தார், அதற்கு முந்தியதை எடுத்தார். ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு மார்ச் மாதப் பக்கத்தில் ஒரு பறவைகூட இல்லை. 'லோவெல் வரவில்லை. வேறு ஆள். லோவெலின் அம்மா காலமானார்' என்று மட்டும் இருந்தது.

யார் கண்ணிலும் படாமல் போய்வருவதாக நினைத்திருந்த மனிதர், மரங்கொத்திக்கும் வாத்துக்கும் நடுவே தன் பெயரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

தொலைபேசி அடித்தது. ரெனேதான். ஆர்டிஸும் கேட்கட்டும் என்று லோவெல் சத்தமாக வைத்து, நோட்டில் இருந்ததைச் சொன்னார்.

"ஒன்பதா? அப்படின்னா இன்னிக்கு."

"இன்னிக்கு."

"ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"எட்டரை."

"வலி பதினொண்ணு இருபது. சார், கெஞ்சிக் கேட்டுக்கறேன், இனிமே யாரையும் விசாரிக்காதீங்க. இன்னும் ஒருத்தரைக் கேட்டா ஊசிக்கு முந்தின வாரமே வலிச்சுதுன்னு எழுதி வெச்சிருப்பாங்க."

ஆர்டிஸ் கையெழுத்துப் போட்டாள். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். மறுபக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"சார், ஒரு சிக்கல். வலி ஆறு மாசத்துக்கு மேல இருந்திருக்கணும். டாக்டர் குறிப்புல பிப்ரவரியில என்ன இருக்கு தெரியுமா? 'வலி இல்லை. எல்லாப் பெட்டிக்கும் கை எட்டுகிறது என்கிறார்.' நாலே மாசம்."

"ஆமா. அப்ப சரியாயிடுச்சு."

"அப்புறம் எப்பத் திரும்பி வந்துது?"

"இந்த ஆகஸ்ட்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ரோட்டுக்கு மாத்தினாங்க. முதல் நாள், முதல் பெட்டியிலேயே கை எழும்பல. தபாலெல்லாம் கீழ கொட்டிடுச்சு."

"நாலு மாசத்துல ஆறி, ரெண்டரை வருஷம் கழிச்சு வந்தா, அது புது வலின்னு சொல்லித் தள்ளிடுவாங்க சார். பிப்ரவரிக்கு அப்புறமும் உள்ளுக்குள்ள வலி இருந்துதா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். தோளுக்குள் புகுந்து பார்க்க யாராலும் முடியாது. லோவெல் ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார்.

"இல்லை மேடம். அந்தக் குளிர்காலம் முழுக்க வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாச் சுலபமாச்சு. மார்ச்சுக்கெல்லாம் முழங்கையை அசைச்சாலே போதும்னு ஆயிடுச்சு. அதிசயமாத்தான் இருந்துது. ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

"அப்படின்னா மனுப் போட்டுப் பிரயோஜனமில்லை சார்" என்றாள் ரெனே. அவள் குரல் மிகவும் இறங்கியிருந்தது.

ஆர்டிஸ் எழுந்து, நிறைந்திருந்த கோப்பையில் இன்னும் காபி ஊற்றினாள். அது தட்டில் வழிந்தது.

மெர்ல் தொண்டையைச் செருமினான்.

"காபியைக் குடி மெர்ல்" என்றாள் ஆர்டிஸ்.

"சொல்லிடலாம்க்கா."

"வாய் திறக்கறதில்லைன்னு ஊரே கூடிப் பேசினோம். அதோட அது சட்ட விரோதம். இவர் தபால் இலாகா ஆளு. குடி."

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உனக்குச் சரியாகவே இல்லை லோவெல். வாரத்துக்கு ஒரு அங்குலமா நாங்கதான் நூத்திப் பதினாலு பெட்டியையும் கீழ எறக்கிக்கிட்டு வந்தோம்."