மணல் நிறம் பற்றிய இறுதித் தீர்ப்பு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் எங்கள் ஊர்த் தேவாலயக் கூடத்தில் ஆண்டுதோறும் பொம்மைப் போர் டாங்கி செய்யும் போட்டி நடக்கும். பொம்மை என்று நான் சொன்னது சங்கத் தலைவர் ஹொரேஸ் பென்ட்லோ காதில் விழுந்தால் என் உறுப்பினர் பதவி போய்விடும். 'சிறு அளவு மாதிரி' என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டுப் போட்டி சிரில் வாடிங்டனுக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது. அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பெயிண்ட் டப்பாக்கள் பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. மனைவி மேவிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை கோப்பை வரலேன்னா மேஜை எனக்கு. அப்புறம் நீ பெயிண்டைத் தொடவே கூடாது."

சிரில் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய டாங்கி. உள்ளங்கையில் அடங்கும். ஹொரேஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மணல் நிறம் சரியில்லையே."

"மியூசியத்துல நிஜ டாங்கி பக்கத்துலயே வச்சுப் பார்த்தேன் தலைவரே. அச்சு அசல் அதே நிறம்!"

"நிஜ டாங்கியா? அதுக்கு எத்தனை தடவை மறுபடி பெயிண்ட் அடிச்சாங்களோ! அதையெல்லாம் எப்படி நம்புறது?"

"சண்டை நடந்த காலத்து டப்பா ஒண்ணு கிடைச்சுது. அதுல காஞ்சு கிடந்ததைப் பார்த்துத்தான் கலந்தேன்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டே. நிஜ நிறத்தை அடிச்சா எப்படிய்யா நிஜமாத் தெரியும்? டாங்கி சின்னதானா நிறமும் சின்னதாகணும். தூரத்துல நிக்கிற டாங்கி வெளிறித் தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் ஒருவர்கூடத் தூரத்தில் நிற்கும் டாங்கியைப் பார்த்ததில்லை.

"அப்போ வெளுப்பாக்கிடட்டுமா?" சிரில் சட்டைப்பையில் தூரிகையைத் தேடினான்.

"எவ்வளவு வெளுப்பு? காலை வெயிலுக்கா, உச்சி வெயிலுக்கா?" ஹொரேஸ் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சன்னலைப் பார்த்தார். வெளியே மழை. "அதுவும் இந்த வெளிச்சத்துல எந்த நிறத்தையும் சரின்னு சங்கம் ஏத்துக்க முடியாது."

மேற்படி காரணங்களை முன்னிட்டு, பெயிண்ட் பூசப்பட்ட டாங்கிகள் அனைத்தும் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. மிஞ்சியது என்னுடையது. சோம்பேறித்தனத்தால் நான் பெயிண்டே அடிக்கவில்லை. பெட்டியில் வந்த சாம்பல் பிளாஸ்டிக்காகவே கொண்டுபோய் வைத்திருந்தேன். அதில் தவறான நிறம் எதுவுமில்லை என்று ஒருமனதாக முடிவாகிக் கோப்பை எனக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மேவிஸ் மேஜைக்கு விரிப்பு போட்டாள்.

இந்த ஆண்டு வந்த அத்தனை டாங்கிகளும் வெறும் பிளாஸ்டிக். எல்லார் வீட்டிலும் மேஜையில் சாப்பாடு. சிரில் சும்மா வேடிக்கை பார்க்க வந்து கேக் தின்றுகொண்டிருந்தான். ஹொரேஸ் என் டாங்கியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கம்பெனி முதல் முதலா விட்ட பெட்டியில இந்தச் சாம்பலா இருந்துச்சு? அதுல லேசா நீலம் ஓடுமே!"

"நீலம் இல்ல, பச்சை," என்றேன் நான், யாரும் கேட்காமலே.

கூடம் இரண்டுபட்டது. கடைசியில், பெயிண்ட் அடிக்காத மாதிரிகள் அனைத்தும் பெயிண்ட் அடிக்காத நிறத்தைச் சரியாகப் பூசிக்கொண்டுதான் வரவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

சிரில் கேக்கை வைத்துவிட்டு எழுந்தான். முகத்தில் அப்படியொரு களை. "அந்த நிறத்தை நான் கலக்குறேன் தலைவரே! ஆனா யாராவது வந்து மேவிஸ்கிட்டப் பேசணும்."

மேவிஸ் இருக்கட்டும். அவரவர் வீட்டில் போய் மேஜையை எப்படித் திருப்பிக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.