பன்னிரண்டு வரிசையில் ஒரு நல்வரவு

அரைகுறையாகக் கணக்குப் படித்தவனிடம் எந்த ஏற்பாட்டையும் ஒப்படைக்கக் கூடாது. ஐம்பதுகளில், வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த ஆள் நான்தான்.

அட்டனில் மேல்வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம், அதில் இன்ன இரண்டு பக்கத்தில் வரக்கூடாது என்றால் எத்தனை, என்று வரும் கணக்குகள் எனக்கு மிகவும் பிடிக்கும். (மற்றக் கணக்குகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.) தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று கொழுந்து பறிக்கும் மலைக்கோ செடி வெட்டும் கவ்வாத்துக்கோ பெயர் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து முடிவு செய்ய, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வருவதாகத் தகவல் வந்தது.

வரவேற்பு என் பொறுப்பு. ந, ல், வ, ர, வு என்று ஐந்து பலகை எழுதினேன். பிள்ளைகள் பிடிக்கட்டும் என்றால், ஆட்களை வேலை வாங்கும் ஐந்து கங்காணிமாரும் விடவில்லை. தோட்டத்துக்கு வரும் பெரிய மனிதருக்கு முதல் மரியாதை செய்வது அவர்கள் உரிமை. பெரிய கங்காணி முதலில் நிற்க வேண்டும். கருப்பையா கங்காணியும் வீராசாமி கங்காணியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே கூடாது. திருவிழாவில் கரகம் யார் குடியிருக்கும் லயத்துக்கு முதலில் போவது என்ற சண்டைக்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்காகவே தயாரித்த கணக்கு! உட்கார்ந்து போட்டேன்.

"பன்னெண்டு விதமா நிக்கலாங்க" என்றேன் பெரிய கங்காணியிடம்.

"பன்னெண்டு எதுக்குடா? ஒண்ணு சொல்லு."

சொன்னேன். வீராசாமிக்கு ‘ல்’, கருப்பையாவுக்கு ‘ர’. ("எல்லாருக்கும் முழு எழுத்து, எனக்கு மட்டும் தலையில புள்ளியா?" என்று வீராசாமி கங்காணி முறைத்தார்.)

கார் கீழே ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் என்று, பெரிய கங்காணியை அந்த முனையில் நிறுத்தினேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ வித்தியாதரிசியை முதலில் மேலே பங்களாவுக்குத் தேநீருக்கு அழைத்துப் போயிருக்கிறார். இருவரோடும் கார் மேலிருந்து இறங்கியது.

"அடே, நான் கடைசியில நின்னா என் மரியாதை என்னாவுறது?" என்று பெரிய கங்காணி பலகையோடு மறுமுனைக்கு நடந்தார். மற்ற நால்வரும் நின்ற வரிசை மாறாமல் அவர் பின்னாலேயே போனார்கள். நான் அவசரமாகச் சரிபார்த்தேன். பெரிய கங்காணி முதலில். சண்டைக்காரர்களுக்கு நடுவில் ஆள். எல்லாம் சரி. பெருமை தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரரான வித்தியாதரிசி மாலையை வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி வாசித்தார்.

"வு... ர... வ... ல்... ந. என்ன தம்பி இது?"

அப்போதுதான் நானும் வாசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பிழைத்திருப்பேன்.

"கணக்குப்படி இதுவும் சரிதாங்க ஐயா."

"கணக்குச் சரி. நீர் பிள்ளையளுக்கு எழுத்தும் எல்லோ படிப்பிக்க வேணும்?"

தமிழ் வாசிக்கத் தெரியாத துரைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வேலை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போயிற்று. மறுநாள் காலை நான் பெரட்டில் நின்றேன். அழுகை வந்தது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து வேறு தோட்டத்தில் வாத்தியாரானேன். எனக்கு முன்பே கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்றும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளைகள் "வுரவல்ந!" என்று கத்துவார்கள். புதிதாக வந்த மூத்த மருமகன், அது எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இளைய மகளின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று, வந்த சம்பந்தி வீட்டாரையெல்லாம் கைகூப்பி, "வுரவல்ந, வுரவல்ந" என்று மனதார வரவேற்றார். அவர்களும் கைகூப்பி, "வுரவல்ந" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.