கல்யாண வீடியோவும் ஃப்ரிட்ஜ் பிளக்கும்

என் பேரன்புக்கும் பெருஞ்சிரிப்புக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

சேட்டையையே தொழிலாகக் கொண்ட உங்கள் மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகம் அத்தைக்கு விஷயம் தெரியாமல் இருப்பதைப் பொறுத்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கல்யாண வீடியோ பிழைத்துவிட்டது. நாளைக்குத் திருமண நாளன்று அத்தை போடச் சொன்னால் தைரியமாகப் போடலாம். போனை அத்தை பார்ப்பார் என்பதால்தான் கடிதம். பழைய ஹார்ட் டிஸ்கோடு சேர்த்து அப்பா உங்கள் ஆபீசிலேயே கொடுப்பார்.

வீடியோவின் ஒரே பிரதி இருந்த அந்த டிஸ்கை, ஆடுகிற டிவி மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுக்க உங்களால்தான் முடியும். "தட்டையா அளவா இருந்துச்சுடா, நான் என்னத்தக் கண்டேன்?" என்று நீங்கள் அழாத குறையாகக் கேட்டபோது அக்கா சிரிக்கவே இல்லை. டிஸ்கைக் காதோரம் வைத்தாள். உள்ளே டிக், டிக். "இன்னும் உசுரு இருக்கு மாமா. சீக்கிரம் வேற எடத்துல குடிவைக்கணும்" என்றாள். வீட்டுப் படம், பாட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, எந்த டிவியிலும் பார்க்கிற மாதிரி அவள் அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி, எடைக்குப் போக இருந்தது. ஃபேன், பக்கத்து வீட்டில் கெஞ்சி வாங்கியது. புதிதாக இரண்டு டிஸ்க் மட்டும். எதையும் இரண்டிலும் எழுதிவைக்குமாம், ஒன்று படுத்தால் மற்றது தாங்குமாம். அம்மா அப்பா மாதிரி என்றேன். "யாருடா படுக்கிறது?" என்று அம்மா கரண்டியோடு வந்தார்.

பழைய டிஸ்கிலிருந்து வீடியோ புதியதுக்குக் காப்பி ஆகத் தொடங்கியது. அப்பாவும் வீட்டைச் சுற்றத் தொடங்கினார். ஆளில்லாத அறையில் சுவிட்ச் போட்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காதே! அக்கா குளிக்கப் போன நேரத்தில் டப்பென்று அணைத்துவிட்டு, "யாருமே இல்லாத ரூம்ல இது யாருக்குப் படம் காட்டுது?" என்றார். நான் தலையில் கைவைத்தேன். அக்கா ஈரத்தலையோடு வந்து, "அப்பா இருக்கிற வீடுன்னு தெரிஞ்சுதானே கட்டுனேன்! விட்ட எடத்துலேர்ந்து பிடிச்சுக்கும்" என்றாள். பிடித்துக்கொண்டது, மாமா! பிறகு பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் பிளக்கோடு சேர்த்துச் சொருகினாள். அப்பா கை வைக்காத ஒரே சுவிட்ச் அதுதான். என்ன மூளை! கும்பிடலாம் என்றால் தலையில் கொட்டுகிறாள்.

மேடையில் அத்தை உங்கள் காதில் ஏதோ சொல்ல, நீங்கள் வெட்கத்தில் ஐஸ்கிரீமைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்ட இடத்தை அம்மா திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசியாம்.

இன்டர்நெட் வழியாக உங்கள் வீட்டு டிவியிலும் தெரிய அவளே வழி செய்துவிட்டாள். புதிதாக எது ஏறினாலும் முதல் வரிசையில் தானாக வந்து நிற்கும். வீடியோவுக்குப் பெயர் வைக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டாள். நாளைக்கு முன்னால் யாரும் தவறித் திறந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அத்தையிடம் மூச்சு விடாத,
உங்கள் நம்பிக்கைக்குரிய மருமகன்.

பி.கு.: கவரை ஒட்டும்போது அத்தை போன் செய்தார். உங்கள் டிவியில், கல்யாணப் படத்தின் பெயராக, 'அத்தை பார்க்கக் கூடாது: மேஜைக்கால் ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறதாம். முழுக்கப் பார்த்துவிட்டார். கோபமா என்று கேட்டேன். "சேச்சே, படம் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க அக்கா கைக்குத் தங்கக் காப்பே போடலாம். உங்க மாமாவ மட்டும் சீக்கிரம் வரச் சொல்லு. மேஜை ஆடுது, காலுக்கடியில வைக்க ஆள் வேணும்" என்றார்.